மூன்றாவது ஜன்னல்

"அந்த மூணு ஜன்னல் வச்ச வீடு, ஒரு பக்கம் பச்சைச் சுவர்... அது இன்னும் இருக்குங்களா, இல்ல யாராவது எடுத்துட்டாங்களா?"

போனில் கேட்டவரின் குரல் பஞ்சு மாதிரி இருந்தது. பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

புரோக்கர் யோசித்தாள். அவள் கையில் விற்பனைக்கு இருந்தது ஒரே ஒரு வீடு. இரண்டு வருடமாக இருந்தது. அதில் ஜன்னல் இரண்டுதான். நான்கு பக்கச் சுவரும் ஆறிப்போன டீயின் நிறம்.

"எந்த வீட்டைச் சொல்றீங்க சார்?"

"நேத்து ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தீங்களே. 'அழகான சின்ன வீடு விற்பனைக்கு. பிடித்தவர்கள் பேசவும்'னு. எங்க நர்ஸ் காட்டினாங்க. அவங்களுக்கு வாடகைக்கு இடம் பாத்துக் குடுத்தது நீங்கதானாமே. நான் டாக்டர் பேசறேன்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் தன் ஸ்டேட்டஸைத் திறந்து பார்த்தாள். எழுத்து சரியாகத்தான் இருந்தது. படம்தான் வேறு.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் அந்த விற்காத வீட்டின் கூடத்தில் போய் உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருப்பாள். யாரும் வருவதில்லை. கை சும்மா இருக்க வேண்டாமே என்று குரோஷா பின்ன ஆரம்பித்தாள். முதலில் டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டங்கள் பின்னினாள். வீட்டில் இருந்த டம்ளர்களைவிட வட்டங்கள் அதிகமானதும், அந்த வீட்டையே ஒரு பொம்மை வீடாகப் பின்னத் தொடங்கினாள். உள்ளே அட்டை கொடுத்து நிறுத்திய சுவர்கள். சிவப்புக் கம்பளியில் கூரை. வாசலுக்கு மேல் அலை அலையாக வளைந்த ஒரு விளிம்பு. மிச்ச நூலை என்ன செய்வதென்று தெரியாமல் கூரை உச்சியில் ஒரு வளையம். பழுப்பு நூல் மூன்று சுவரோடு தீர்ந்துபோனதால் நான்காவது சுவர் கிளிப்பச்சை. அந்தச் சுவரில் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்து எண்ணிக்கை தப்பியதில், நிஜ வீட்டில் இல்லாத ஒரு ஜன்னல் முளைத்துவிட்டது. ஒரு ஓரத்தில் நூலை இறுக்கி இழுத்ததால் அந்த ஜன்னல் கொஞ்சம் சாய்ந்தும் இருந்தது.

அந்தப் படம்தான் ஸ்டேட்டஸில் ஏறியிருந்தது. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவள் மட்டும் கண்ணாடி போடமாட்டாள்.

'பில்டர்கள் எல்லாம் மாடல் வைத்துக் காட்டுவதில்லையா, இவரும் மாடல் என்று நினைத்திருக்கிறார்' என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் பதினாறு வருடமாகத் தொழில் செய்யும் வாய் அது.

"இருக்கு சார். உங்களுக்காகவே இருக்கு."

"ரொம்ப சந்தோஷம். எனக்கு நேர்ல வந்து பாக்க நேரமில்ல. ஃபோட்டோவே போதும். எடுத்துக்கறோம். பத்திரமா இருக்கும்ல?"

"பத்திரம் இருக்கு சார். மூலப் பத்திரமே கையில இருக்கு. ஒரு வில்லங்கமும் கிடையாது."

டாக்டர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. விலை எவ்வளவு என்று கேட்டார். அதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம் என்றாள் அவள். போனில் விலை சொல்வதில்லை என்பது தொழிலில் அவள் கடைப்பிடித்த ஒரே ஒழுக்கம்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக் கடையில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு லென்ஸைத் துடைத்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"முதல்ல அந்த 'சின்ன வீடு'ங்கிற வார்த்தையை எடு. வேற மாதிரி ஆளுங்க கூப்பிடப் போறாங்க."

"ஏங்க, நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க என்ன பேசறீங்க?"

"சரி. அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடு. ஜன்னல் ரெண்டுதான், சுவர் பழுப்புதான்னு சொல்லு. வேணும்னா எடுக்கட்டும், வேண்டாம்னா விடட்டும்."

"விட்டுட்டார்னா?"

அவர் அடுத்த லென்ஸை எடுத்து ஊதினார். இந்த மாதக் கடைசிக்குள் அந்த வீடு விற்காவிட்டால் தன் ஒற்றை அறை ஆபீஸை மூடிவிட்டுக் கணவரின் கடை கவுன்டரில் வந்து உட்கார்வதாக அவளே ஒரு கோபத்தில் சொல்லியிருந்தாள். நாள் முழுக்க 'இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கும்' என்று சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

உண்மையைச் சொல்லாமல் காட்டிவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் மதியம் உட்கார்ந்து பச்சைச் சுவரை முழுவதும் பிரித்தாள். கடை கடையாய் ஏறிப் பழுப்பு நூல் வாங்கி வந்தாள். ஜன்னலே இல்லாமல் ஒரு சுவர் பின்னி, அட்டையில் தைத்து, படம் எடுத்து, 'வீடு உள்ளபடி இதுதான் சார்' என்று எழுதி டாக்டருக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஏங்க, நல்லாத்தானே இருந்தது. அந்த ஜன்னலை ஏன் எடுத்தீங்க?"

"இல்ல சார், அது வந்து..."

"அந்தச் சாஞ்ச ஜன்னலைப் பாத்துதான் இங்க எல்லாருக்கும் ஆசையே வந்தது. பச்சைச் சுவர் போனதும் ஒரு பொண்ணு அழுதுட்டா. பழையபடி ஆக்க முடியாதா?"

பின்னால் உண்மையிலேயே யாரோ விசும்பும் சத்தம் கேட்டது.

"முடியும் சார்" என்றாள் அவள்.

"எவ்வளவு நாளாகும்?"

"மூணு வாரம் குடுங்க."

"மூணு வாரமா? சரி, கைவேலைன்னா அப்படித்தான்" என்றார் டாக்டர்.

வீட்டுச் சொந்தக்காரரை எல்லோரும் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். நாற்பது வருடம் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் பல் கொடுத்தவர் தன் பல்லைக் காட்டிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். மகள் வேறு ஊரில் இருந்தாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் சரி என்றிருந்தார். அவர் எதற்கும் சரி என்றுதான் சொல்வார். அதைச் சொல்கிற விதத்தில் கேட்டவருக்குத்தான் பாவமாக இருக்கும்.

"மேற்குச் சுவர்ல ஒரு ஜன்னல் வைக்கணும் சார். பார்ட்டி ஆசைப்படறாங்க."

"சரி."

"சுவருக்குப் பச்சை பெயிண்ட்."

"சரி. விக்கப்போற வீடு. என்ன வேணா பண்ணிக்கோ."

வேலைக்கு மேஸ்திரி ஒருவர் வந்தார். பல்செட்காரர் செய்து கொடுத்த பல்லில்தான் பன்னிரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும், இந்த வீட்டில் வேலை செய்து கூலி வாங்கினால் அந்தப் பல்லுக்கே அடுக்காது என்றும் வந்தவுடன் அறிவித்தார். பிறகு கையை நீட்டினார்.

"பிளான் குடுங்கம்மா."

இதற்குள் அவள் பழுப்புச் சுவரைப் பிரித்துவிட்டு, டாக்டர் பார்த்த படத்தை முன்னால் வைத்து, சாய்வு உட்பட எல்லாவற்றையும் பழையபடியே பின்னி முடித்திருந்தாள். பையிலிருந்து பொம்மை வீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"இதுதான் பிளான். பார்ட்டி இதைப் பாத்துதான் ஓகே சொன்னாங்க."

மேஸ்திரி டேப்பை எடுத்து அளந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் ஏதோ எழுதினார்.

"ஒரு கண்ணிக்கு எத்தனை இஞ்சு?"

"ம்... மூணு இஞ்சுன்னு வச்சுக்கோங்க."

"இழுத்துப் பிடிச்சா, விட்டுப் பிடிச்சா?"

"விட்டுப் பிடிச்சு."

"அப்ப சரி" என்றார் மேஸ்திரி. தன் தொழில் வாழ்க்கையில் பிளானை ஒருநாளும் மீறாதவர் அவர். அதுதான் பிரச்சினையாயிற்று.

சுவர் உடைக்கும் வேலை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. பத்தேகாலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. ஓட்டை வழியாக ஒரு முகம் தெரிந்தது.

"யாருங்க அது, என் கடைக்குள்ள செங்கல் போடறது?"

மேற்குச் சுவரின் முன்பாதி தெருவைப் பார்த்திருந்தாலும், பின்பாதியை ஒட்டி ஒரு இஸ்திரிக் கடையின் கொல்லைப்புறம் இருப்பது புரோக்கருக்குத் தெரியும். அங்கே ஓர் அலமாரி இருப்பதும், அதில் எட்டு வெள்ளைச் சட்டைகள் தேய்த்து மடித்து வைக்கப்பட்டிருப்பதும் தெரியாது. இப்போது அவை வெள்ளையாக இல்லை.

அன்று முழுக்க மேஸ்திரிக்கும் இஸ்திரிக்கும் சண்டை.

"சொல்லிட்டு உடைக்கக் கூடாதா?"

"சுவருக்கு ரெண்டு பக்கமும் இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அலமாரியை ஒட்டி வைக்கலாமா?"

"பதினோரு வருஷமா ஒட்டித்தான் இருக்கு. அது சுவரா இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகல."

பல்செட்காரர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஓட்டைக்கு எதிரே உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டி.வி. பார்ப்பது போலப் பார்த்தார். எட்டுச் சட்டைகளையும் புரோக்கர் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் துவைக்க, கணவர் அலச, மறுநாள் அவை இஸ்திரிக் கடைக்குத் திரும்பின.

"சுண்ணாம்பு போயிடுச்சு" என்றார் இஸ்திரிக்காரர் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து. "நீலம் அதிகமாயிடுச்சு. யார் போட்டது?"

"எங்க வீட்டுக்காரர்."

"கண்ணாடிக் கடைக்காரருக்கு இந்தக் கண்ணாங்க?"

ஜன்னல் நான்காம் நாள் முடிந்தது. சாய்ந்திருந்தது.

"மேஸ்திரி, இது என்ன இப்படி இருக்கு?"

"எனக்கும் மனசு கேக்கலம்மா. ராத்திரி தூக்கமே வரல. ஆனா பிளான்ல சாஞ்சிருக்கே, நான் என்ன பண்ணட்டும்? கீழ இருக்கிறதைவிட மேல ரெண்டு கண்ணி தள்ளியிருக்கு. மூணு மூணு இஞ்சு போட்டா சரியா ஆறு இஞ்சு சாய்வு. நீங்களே எண்ணிக்கோங்க."

அவள் எண்ணினாள். சரியாகத்தான் இருந்தது. நிமிர்த்திக் கட்டச் சொல்லலாமா என்று நினைத்தபோது டாக்டர் 'சாஞ்ச ஜன்னல்' என்று ஆசையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பெயிண்ட் கடைக்காரர் நிறம் கேட்டபோது பையிலிருந்து ஒரு முழ நூலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் காட்டிக் கலந்து கொடுத்தார். கம்பளியில் குளிர்ச்சியாகத் தெரிந்த கிளிப்பச்சை, சுவரில் ஏறியதும் தெருமுனையிலிருந்தே கண்ணைப் பறித்தது. ஒரே நாளில் ஆட்டோக்காரர்களுக்கு அது அடையாளமாகிவிட்டது. 'பச்சை வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி' என்று ஜனங்கள் வழி சொல்ல ஆரம்பித்தார்கள்.

"கொஞ்சம் அடிக்குதோ?" என்று அவள் பல்செட்காரரிடம் கேட்டாள்.

"சரி" என்றார் அவர். ஆனால் இந்தத் தடவை வாசலுக்கு வந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் டாக்டர் மறுபடி கூப்பிட்டார்.

"வேலை எப்படிப் போகுது?"

"முக்கால்வாசி முடிஞ்சுது சார். பச்சை அடிச்சாச்சு."

"அடிச்சீங்களா? சரி சரி. இன்னொரு விஷயம். உச்சியில ஒரு வளையம் தெரியுதே. அது வெயிட் தாங்குமா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தாராளமா தாங்கும் சார். யானையையே கட்டலாம்."

"அவ்வளவு வேண்டாம்" என்றார் டாக்டர். "அப்புறம், கழுவலாமா? பசங்க இருக்கிற இடம். அழுக்காகிட்டே இருக்கும்."

"தினமும் கழுவலாம் சார். தண்ணி வசதி நல்லா இருக்கு."

"நல்லது. இங்க மூணு பேர் ரொம்ப நாளா ஒரு இடம் இல்லாம இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இவ்வளவும். அதுல மூத்தவளுக்கு ஒரு கால் சரியில்ல, தனியா நிக்க மாட்டா. வாசல்ல பிடிச்சுக்க ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்."

போனை வைத்தபின் அவள் டாக்டர் சொன்னதை யோசித்துப் பார்த்தாள். கால் சரியில்லாத பெண்ணோடு ஒரு குடும்பம் இடமில்லாமல் அலைகிறது. அவர்களுக்காக ஒரு டாக்டர் வீடு வாங்குகிறார். அந்த வீட்டை வைத்துக்கொண்டு தான் இத்தனை பொய் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் இப்போது விட்டுவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வாசல் இல்லை. அப்படி யோசித்ததும் மனம் கொஞ்சம் நிமிர்ந்தது.

அன்றே உட்கார்ந்து சங்கிலிப் பின்னலில் ஒரு கைப்பிடி பின்னி, பொம்மை வீட்டின் வாசலில் தைத்தாள். படிக்குப் பதிலாக ஒரு சரிவும் பின்னினாள். பின்னாமல் சொன்னால் மேஸ்திரி செய்யமாட்டார்.

மேஸ்திரி அதைப் பார்த்தார். "பிளான் மாறியிருக்கே."

"மாறியிருக்கு. இதையும் கட்டிடுங்க. அந்த உச்சி வளையத்தையும் இரும்புல வச்சிடுங்க."

"வளையம் எதுக்கும்மா?"

"எனக்குத் தெரியாது. வெயிட் தாங்கணுமாம்."

மேஸ்திரி கூரையின்மேல் ஏறி, கப்பலை இழுத்துக் கட்டலாம் போன்ற ஓர் இரும்பு வளையத்தை கான்கிரீட் போட்டு இறக்கினார். வாசலுக்கு மேல் அலை அலையான விளிம்பையும் சிமென்டில் இழைத்தார். பொம்மை வீட்டில் ஓரிடத்தில் ஓர் அலை விட்டுப்போயிருந்தது. அங்கே அவரும் ஓர் அலையை விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் முடியும்போது பொம்மை வீடும் நிஜ வீடும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது மாதிரி இருந்தன. பொம்மை வீட்டில் சிமென்ட் ஒட்டியிருந்தது. அவள் அதைச் சோப்புத் தண்ணீரில் மெதுவாக அலசி, துண்டில் சுற்றிப் பிழிந்து, புது அட்டை கொடுத்து நிமிர்த்தி, நிஜ வீட்டின் சாய்ந்த ஜன்னல் திண்டிலேயே காய வைத்தாள். 'எல்லாம் தயார் சார்' என்று டாக்டருக்குச் செய்தி அனுப்பினாள். 'நாளைக் காலை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம்' என்று பதில் வந்தது. அவள் இங்கேயே வந்துவிடச் சொல்லி முகவரி அனுப்பினாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கே சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ள வந்தாள். கணவரும் கடையை அரை நாள் மூடிவிட்டுக் கூட வந்திருந்தார்.

பல்செட்காரர் சாய்ந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரர் ஒரு கையில் பெட்டியோடு நின்றிருந்தார். திண்டில், பொம்மை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு செஸ் போர்டு இருந்தது.

"குதிரையை எடுக்கறேன்" என்றார் இஸ்திரிக்காரர்.

"எடுத்தா ராணி போயிடும். சட்டை கருகுது பாருங்க."

இஸ்திரிக்காரர் அவசரமாகத் திரும்பினார். பல்செட்காரர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். வரிசையாக, ஒன்றுகூடத் தவறாமல், அவரே செய்த பல்.

புரோக்கருக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"சார், சாவி..."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நான் சொன்னா கோச்சுக்கக் கூடாது. நான் விக்கல."

"சார்?"

"இந்த வீட்டுல வெளிச்சம் வரும்னே எனக்குத் தெரியாது. பதினோரு வருஷமா இவர் அந்தப் பக்கம் இருந்திருக்கார், நான் இந்தப் பக்கம் இருந்திருக்கேன். நடுவுல ஒரு சுவர். இப்பக் காலையில யாரு முதல் காய் நகத்தறதுங்கிற யோசனையோடவே எழுந்திருக்கறேன். நேத்து மகள்கிட்ட வீடியோல காட்டினேன். 'அப்பா, ஜன்னல் சாஞ்சிருக்கே'ன்னா. நான்தான் சாஞ்சு உக்காந்திருக்கேன்னு சொன்னேன். அவ ரொம்ப நேரம் சிரிச்சா. 'நீங்க அங்கேயே இருங்க, லீவுக்கு நான் வரேன்'னுட்டா."

புரோக்கர் சாவிக்காக நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டாள். கோபம்கூட வரவில்லை. அந்த மனிதர் 'சரி' என்று சொல்லாமல் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.

"என் மேலதான் தப்பு" என்றார் பல்செட்காரர். "உன் கமிஷன், அந்த டாக்டருக்குக் குடுத்த வாக்கு, எல்லாம் போச்சு."

அவள் வாசலுக்கு வந்து புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சொல்லப் போறே?" என்றார்.

"உண்மையை."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஸ்டேட்டஸ்ல படம் மாறினதுலேர்ந்து ஆரம்பிச்சு. அந்தக் கால் சரியில்லாத பொண்ணு வந்திருந்தா அவகிட்டயும் நானே சொல்றேன். அப்புறம் அவங்களுக்கு வேற வீடு பாத்துக் குடுக்காம தூங்க மாட்டேன். நாளையிலேர்ந்து உங்க கவுன்டர்ல உக்காந்துக்கிட்டே தேடறேன்."

"கவுன்டர் எங்கேயும் ஓடிடாது" என்றார் அவர். "காலையில மேஸ்திரி கடைக்கு வந்திருந்தார். இந்த வீட்டைப் பாத்துட்டு ரெண்டு பேர் உன் நம்பர் கேட்டாங்களாம். பழைய வீடுதான் வேணும், ஆனா இந்த மாதிரி மாத்திக் குடுப்பீங்களான்னு. நீ ஆபீஸை மூடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசிடு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வேன் ஒன்று பச்சைச் சுவர் ஓரமாக வந்து நின்றது. டாக்டர் இறங்குவார் என்று பார்த்தாள். காக்கிச் சட்டை போட்ட டிரைவர் மட்டும் இறங்கினார். பின்கதவைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார்.

"டாக்டர் வரலைங்களா?"

"அவசரக் கேஸ் வந்துடுச்சுங்க. என்னை அனுப்பினார். வீடு எடுக்க வந்திருக்கேன்."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். டாக்டருக்காகச் சேர்த்து வைத்ததையெல்லாம் டிரைவரிடமே கொட்டினாள். கண்ணாடி போடாமல் படம் மாற்றிப் போட்டதைச் சொன்னாள். ஜன்னல் முதலில் இரண்டுதான் இருந்தது என்றாள். சுவரை உடைத்ததையும், எட்டுச் சட்டைகளையும், ஒரு கண்ணிக்கு மூன்று இஞ்சையும் சொன்னாள். சொந்தக்காரருக்கு இப்போது விற்க மனமில்லை, அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, தப்பு முழுக்கத் தன்னுடையதுதான், அந்த மூன்று பேருக்கும் எப்படியாவது வேறு வீடு பிடித்துத் தந்துவிடுவதாக டாக்டரிடம் சொல்லுங்கள் என்றாள்.

டிரைவர் பொறுமையாகக் கேட்டார். பச்சைச் சுவரைப் பார்த்தார். கூரை உச்சியில் வெயிலில் மின்னிய இரும்பு வளையத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் திண்டில் செஸ் போர்டுக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த கம்பளி வீட்டைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. கையில் கொண்டுவந்திருந்த காலி ஆப்பிள் பெட்டியை அவளிடம் நீட்டினார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, குழந்தைங்க வார்டுல மூணு பொம்மையும் குடி போகத் தயாரா இருக்கு, வீடு இந்தப் பெட்டிக்குள்ள அடங்கிடும்ல?"